அண்ணி கொடுத்த பொடியும் ஐந்து நாள் மாத்திரையும்

என் கண் மஞ்சளாகிவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே பூ விற்கிற அம்மா. பொத்தேரியில் ஒரு கல்லூரியின் வேதியியல் லேபில் நான் உதவியாளர். தினமும் காலையில் அந்த அம்மாவிடம் ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறுவேன். அன்றைக்கு முழம் அளக்கக் கையை நீட்டியவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"இன்னாமா, கண்ணு இப்டி மஞ்சளா கீது? வூட்ல யாரும் பாக்கலியா?"

"சரியா தூக்கம் இல்லக்கா. அதான்."

"தூக்கம் இல்லன்னா செவக்கும். மஞ்சளாவா ஆவும்? காமால மாதிரி கீது. வேலைக்குப் போவாத, டாக்டராண்ட போ."

நான் வேலைக்குத்தான் போனேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அன்று பிராக்டிகல். பதினொரு மணிக்குக் கை கழுவப் போனபோது கண்ணாடியில் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். பூக்கார அம்மா சொன்னது சரி. ஒரு வாரமாகச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் போதவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். கைப்பையில் அன்று மதியம் போட வேண்டிய மாத்திரை இருந்தது. ஐந்தில் அது நான்காவது. அதைப் போடுவதா வேண்டாமா என்பதுதான் என்னுடைய முதல் கவலையாக இருந்தது. ஈரலைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை.

அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணமாகி எட்டு வருடம். கணவர் தினகரன் லிஃப்ட் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வீடு செம்பாக்கத்தில். குழந்தை இல்லை. மாதாமாதம் எனக்குக் கருமுட்டை ஒழுங்காக முதிர்ந்து வெளியே வருவதில்லை, மற்றபடி இரண்டு பேருக்கும் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் பார்க்கிற டாக்டரம்மா க்ளோமிஃபீன் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார். மாதவிலக்கு வந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள், தினம் ஒன்று. மூளையைக் கொஞ்சம் ஏமாற்றுகிற மாத்திரை அது. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துபோச்சு என்று மூளை நினைத்துக்கொண்டு, முட்டையை வளர்க்கச் சொல்லிக் கூடுதலாக விரட்டுமாம்.

எழுதிக்கொடுப்பதற்கு முன்னால் டாக்டரம்மா கேட்ட கேள்விகள் போலீஸ் விசாரணை மாதிரி இருந்தன. இப்போது கர்ப்பம் இல்லை என்று நிச்சயமாகத் தெரியுமா? காரணம் தெரியாத இரத்தப்போக்கு உண்டா? சினைப்பையில் கட்டி இருப்பதாக யாராவது சொன்னார்களா? தைராய்டு உண்டா? எப்போதாவது மஞ்சள் காமாலை வந்ததா, ஈரலில் ஏதாவது கோளாறு உண்டா? இதில் எது இருந்தாலும், அது என்னவென்று பார்த்துச் சரிசெய்யாமல் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்றார். போடுகிற நாட்களில் பார்வை மங்கினாலோ கண் முன்னால் வெளிச்சம் மின்னினாலோ அதோடு நிறுத்திவிட்டுப் போன் பண்ண வேண்டும். ஸ்கேன் எடுத்தார், இரத்தம் சோதித்தார், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக, "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா? சித்தா, ஆயுர்வேதம், நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்றார். இல்லை என்றேன். அன்றைய தேதிக்கு அது உண்மை.

பொடி அடுத்த மாதம் வந்தது.

வசந்தி அண்ணி தினகரனுக்கு அக்கா. அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். பல்லாவரத்தில் வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருடம் குழந்தை இல்லாமல் பட்டபாடு எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பிறகு அரவிந்த் பிறந்தான், இப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அண்ணியின் மாமியார் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவரிடம் வாங்கிக்கொடுத்த பொடியால்தான் அவன் பிறந்தான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தக் கிழவி யாரையாவது பிடித்து உட்கார வைத்து இதைச் சொல்லாமல் விடமாட்டார். முதல் மாதம் மாத்திரை போட்டும் ஒன்றும் ஆகாமல் போன வருத்தத்தில் நானே அண்ணிக்குப் போன் பண்ணி அந்தப் பொடியைக் கேட்டேன். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். யாரும் என் வாயைப் பிளந்து ஊட்டவில்லை.

அண்ணி உடனே சரி என்று சொல்லவும் இல்லை. "நீதான் ஆஸ்பத்திரியில பாத்துகிட்டு இருக்கியே, அது எதுக்கு?" என்றார். நான் விடவில்லை. மூன்று நாள் தொடர்ந்து போன் பண்ணி நச்சரித்தேன். தனக்குப் பலித்ததை எனக்குத் தர மனசில்லையோ என்றுகூட நினைத்தேன், அதை வேறு மாதிரியாக வாய்விட்டும் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை அண்ணி பல்லாவரம் சந்தைக்குப் போனவர், வாங்கிய காய்கறிப் பையோடு அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்தார். காய்க்கு அடியில் ஒரு பழைய காபித்தூள் டப்பா. உள்ளே பச்சையும் பழுப்புமாகப் பொடி. மக்கிப்போன இலையும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை.

ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள். விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன், தேனில் குழைத்து. மீன் கூடாது, அகத்திக்கீரை கூடாது, புளி குறைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான பத்தியம், யாரிடமும் சொல்லக்கூடாது. கட்டின புருஷனிடம்கூட. வெளியே சொன்னால் மருந்து பலிக்காது. அண்ணி இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அவர் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிக்க வேண்டாம். லேபில் ஒரு பாட்டிலில் லேபிள் கிழிந்திருந்தால் அதை யாரையும் தொட விடாதவள் நான். "உள்ள என்ன இருக்குன்னு தெரியாததை மோந்துகூடப் பாக்கக்கூடாது" என்று பிள்ளைகளை விரட்டுகிறவள். அதே நான், பெயர் இல்லாத ஒரு பொடியை விடியற்காலையில் சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் முழுங்கிக்கொண்டிருந்தேன். குழந்தை வேண்டும் என்று எட்டு வருடம் இருந்தால் படிப்பு ஒரு பக்கம் இருக்கும், மனசு இன்னொரு பக்கம் போகும்.

மூன்றாவது வாரத்தில் குமட்ட ஆரம்பித்தது. சாதம் வேகிற வாசனை பிடிக்கவில்லை. மதியம் ஆனால் கை கால் ஓய்ந்துபோய் லேபில் முக்காலியில் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பலித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஐந்து நாள் பிரிக்காமல் இருந்தேன். ஆறாம் நாள் பிரித்தேன். ஒரே கோடு. மறுநாள் மாதவிலக்கும் வந்துவிட்டது. குமட்டல் மட்டும் போகவில்லை. இரண்டாம் நாள் வழக்கம்போல மூன்றாவது மாதத்து மாத்திரையை ஆரம்பித்தேன், காலையில் பொடியையும் விடவில்லை. உடம்பு முடியாமல் இருக்கிறது என்று டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று கேட்கவில்லை.

பூக்கார அம்மா சொன்ன அன்று சாயங்காலம் டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல மேடம். பையிலயே இருக்கு."

"நல்ல வேளை. தயவுசெஞ்சு அதைத் தூக்கிப் போடுங்க" என்றார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அவரே ஜி.எஸ்.டி. ரோட்டில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிப் படுக்கைக்குச் சொல்லிவிட்டார்.

ஈரல் வீங்கினால் அதன் செல்கள் உடைந்து உள்ளே இருக்கிற நொதிகள் இரத்தத்தில் கலக்கும். எஸ்.ஜி.பி.டி. என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது அதைத்தான். நாற்பது ஐம்பதுக்குள் இருக்க வேண்டியது எனக்கு ஆயிரத்து இருநூறு. கண்ணை மஞ்சளாக்குகிற பிலிருபின் பதினொன்று. ஆனால் டாக்டர்கள் தினமும் முதலில் பார்த்தது வேறொரு எண்ணை. ஐ.என்.ஆர். என்று பெயர், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்வது. இரத்தத்தை உறைய வைக்கிற பொருள்களை ஈரல்தான் தயார் செய்கிறது. அது ஏறினால் ஈரல் வேலையை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு ஒன்றரையில் ஆரம்பித்தது. இரண்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் ஈரல் மாற்று செய்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வரும் என்று தினகரனிடம் தனியாகச் சொன்னார்கள். அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் எட்டு வருடமாக நான் பார்க்கிற முகம், அதில் எதுவும் ஒளியாது.

காமாலையில் வலி அவ்வளவு இல்லை. அரிப்புதான் ஆளைக் கொல்லும். உள்ளங்கை, உள்ளங்கால், முதுகு என்று எங்கே சொரிந்தாலும் அடங்காது. தினகரன் ஈரத்துணியால் என் உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டே பேப்பர் படிப்பார். இரத்தம் எடுக்க வருகிற பெண்ணுக்கு மூன்றாம் நாளே என் கையில் நரம்பு கிடைக்கவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவார்கள், கூப்பிடுகிறவரை எதிரே உள்ள சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை. அது தினகரன் தலைவலி, இன்னும் தீரவில்லை.

அண்ணி தினமும் வந்தார். பல்லாவரத்தில் ரயில் ஏறி, இறங்கி ஆட்டோ பிடித்து, பதினொன்றரை மணிக்கெல்லாம் கஞ்சித் தூக்கோடு படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பார். எண்ணெய் இல்லாத பருப்புத் துவையல், ஆவியில் வேகவைத்த காய். நான் இரண்டு வாய் சாப்பிடுவேன், மிச்சத்தை மூடி வைத்துவிட்டு என் தலையைப் பின்னிவிடுவார். என் அம்மாகூட எனக்கு அவ்வளவு செய்திருப்பாரா தெரியாது.

இரண்டாம் நாள் ஈரல் டாக்டர் வந்தார். இளவயதுக்காரர், பொறுமைசாலி. "வேற ஏதாவது மருந்து எடுத்தீங்களா மேடம்? பொடி, லேகியம், கஷாயம்?" என்று கேட்டார். அண்ணி அப்போது கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. போர்வைக்கு மேலே என் காலை மெதுவாக அழுத்தினார். சொல்லிவிடாதே, இன்னும் ஏழு நாள்தான் பாக்கி, பலிக்கும் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டேன். இல்லை டாக்டர் என்றேன். மறுநாளும் கேட்டார், மறுநாளும் அதையே சொன்னேன்.

நான்காம் நாள் காலை ஐ.என்.ஆர். ஒன்று புள்ளி ஒன்பது. டாக்டர் என் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தினகரன் பக்கத்தில் இருந்தார்.

"வைரஸ் டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ். பித்தப்பையில கல் இல்ல. குடிப்பழக்கம் கிடையாது. அப்ப மிச்சம் இருக்கறது நீங்க போட்ட அந்த மாத்திரை ஒண்ணுதான். அதாலதான்னு ஃபைல்ல எழுதிடறேன் மேடம். அரிதுதான், ஆனா வரும். இனிமே குழந்தைக்காக அந்த மாதிரி மாத்திரையோ ஊசியோ எதையும் நீங்க யோசிக்கக்கூடாது."

"எப்ப வரைக்கும் டாக்டர்?" என்று தினகரன் கேட்டார்.

"ஆயுசுக்கும்தான் சார்."

பேனா மூடியைத் திறந்தார். "ஒரு நிமிஷம் டாக்டர்" என்றேன்.

உயிர்பயத்தில் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. சாவைப் பற்றி எனக்கு அந்த நாலு நாளும் பெரிதாகப் பயம் வரவில்லை. அந்த ஃபைலில் அவர் எழுதிவிட்டால் எனக்கு இனி எந்த வைத்தியமும் கிடையாது, அந்தப் பயம்தான் என் வாயைத் திறந்தது. பழியை மாத்திரை மேலிருந்து எடுத்துப் பொடி மேல் போட்டால் மாத்திரை பிழைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். டப்பா, தேன், விடியற்காலை எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் கோபப்படவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்தார். "எத்தனை நாள்?"

"நாப்பத்தோரு நாள்."

"யார் கொடுத்தாங்க?"

நான் தினகரனைப் பார்த்தேன். "எங்க அண்ணி."

தினகரன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

"அப்ப மாத்திரை மேல தப்பு இல்லல்ல டாக்டர்?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"மேடம், நாம சாப்பிடற மாத்திரையை உடைச்சு வெளிய அனுப்பறதே ஈரல்தான். நல்ல ஈரல் இருக்கறவங்களுக்குத்தான் அந்த மாத்திரை. ஏற்கனவே வீங்கிக் கிடக்கற ஈரலுக்கு அதைக் கொடுத்தா, உள்ள போனது வெளிய போகாம தேங்கிடும், ஈரலும் இன்னும் கெடும். இதை ஆரம்பிச்சது பொடியா, மாத்திரையா, ரெண்டும் சேர்ந்தான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால அந்த மாத்திரை உங்களுக்கு இனி கிடையாது. ஊசி மாதிரி மத்த வைத்தியத்தைப் பத்தி இப்ப நான் எதுவும் எழுதல. முதல்ல நீங்க பொழச்சு எழுந்திரிங்க."

சொன்னால் பலிக்காது என்றார்கள். சொல்லாதபோது மட்டும் என்ன பலித்தது?

தினகரன் வீட்டுக்குப் போய் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து வந்து கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க அந்த ஆஸ்பத்திரியில் வசதி இல்லை. வழக்கம்போலப் பதினொன்றரைக்கு அண்ணி வந்தார். டப்பா படுக்கைக்குப் பக்கத்து மேசை மேல் இருந்தது. அதைப் பார்த்ததும் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அண்ணி."

கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "நான் அதை முழுசா சாப்பிடல புவனா. பத்து நாள் சாப்பிட்டேன், ஒரே வாந்தி. மிச்சத்தை மாமியாருக்குத் தெரியாம பாத்ரூம்ல கொட்டிட்டேன். அரவிந்த் இதால பொறக்கல. ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை, ஊசி எல்லாம் ஒன்றரை வருஷம். எங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. "அப்ப பொடி பொடின்னு சொன்னதெல்லாம்?"

"எங்க மாமியார் தெருவுக்கே சொல்லிட்டாங்க. அவங்க வாங்கின மருந்து, அவங்க பேரன். நான் இல்லன்னு சொன்னா, ஆஸ்பத்திரியில ஊசி போட்டுப் பொறந்த புள்ளன்னு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. அப்படியே விட்டுட்டேன்."

"எனக்கு ஏன் அண்ணி கொடுத்தீங்க?"

"நீ மூணு நாள் கேட்ட. தரமாட்டேன்னா ஏன்னு கேப்ப. அதுக்கு நான் என்ன சொல்றது? மாமியார்கிட்ட சொன்னேன், சந்தோஷமா வாங்கிக் கொடுத்தாங்க. உனக்கு ஒத்துக்கும்னு நெனச்சேன்."

அவர் மாத்திரையை மறைத்துப் பொடியைச் சொன்னார். நான் பொடியை மறைத்து மாத்திரையைச் சொன்னேன். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தி வாயைத் திறந்திருந்தாலும் நான் அந்தக் கட்டிலில் கிடந்திருக்க மாட்டேன். "போங்க அண்ணி" என்றேன். அவர் போனார். கஞ்சியைத் தொடக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். நாலு மணிக்குப் பசித்தது, குடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணி மேலே வரவில்லை. கீழே வாசலில் தினகரனிடம் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தினகரனும் அவரோடு பேசவில்லை, தூக்கை மட்டும் வாங்கிக்கொள்வார். ஆறாம் நாள் ஐ.என்.ஆர். ஒன்று புள்ளி ஏழுக்கு இறங்கியது. அதைச் சொல்ல வந்த நர்ஸ் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தேன். கண் வெளுக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார வேண்டியிருந்தது. வேலைக்குத் திரும்பியபோது பூக்கார அம்மா என் இமையை அவரே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பூவைக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து ஈரல் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தது. டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "மாத்திரை வேண்டாம். இன்னும் மூணு மாசம் போகட்டும். அப்புறம் சின்ன டோஸ்ல ஊசி போட்டு, அடிக்கடி ஈரல் டெஸ்ட் பாத்துகிட்டு முயற்சி பண்ணலாம். ஆனா ஈரல் டாக்டர் சம்மதிக்கணும். நான் பேசினேன், தயங்கறார். எதால வந்ததுன்னு தெளிவா தெரியாம இன்னொரு மருந்தை ஆரம்பிக்க அவருக்கு மனசு வரல. அந்தப் பொடியை மட்டும் சாப்பிட்டு வேற யாருக்காவது இப்படி ஆச்சுன்னு ஒரு ரிப்போர்ட் இருந்தா விஷயம் வேற" என்றார்.

எனக்கு வருகிற ஆடியில் முப்பத்தேழு முடிகிறது. வீட்டுக்கு வந்து, மூன்று மாதமாகக் கூப்பிடாத எண்ணைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, பொடி சாப்பிட்டு வாந்தி வந்துச்சுன்னு சொன்னீங்களே. அப்ப உங்களுக்கு இரத்தம் ஏதாவது டெஸ்ட் பண்ணாங்களா?"

"எதுக்குக் கேக்கற?" என்றார். காரணத்தைச் சொன்னேன். "ஞாபகம் இல்ல. தேடிப் பாக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலே சரியில்லை.

ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயிலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஒரு மஞ்சள் பையை என் கையில் கொடுத்து, "எல்லாம் இருக்கு. பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார்.

பைக்குள் ஒரு பழைய ஃபைல். பதினாலு வருடத்துக்கு முந்தைய ஸ்கேன்கள், மருந்துச் சீட்டுகள், ஊசி போட்ட தேதிகள். எல்லாத் தாள்களும் தட்டையாகப் படிந்து ஓரம் பழுத்திருந்தன. ஒரு தாள் மட்டும் அப்படி இல்லை. எட்டாக மடித்துப் பல வருடம் வேறு எங்கேயோ செருகி வைத்திருந்த தாள், இப்போது பிரித்துக் கையால் நீவி ஃபைலில் வைக்கப்பட்டிருந்தது. ஈரல் பரிசோதனை ரிப்போர்ட். மாத்திரையும் ஊசியும் ஆரம்பிப்பதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. எஸ்.ஜி.பி.டி. முந்நூற்றுப் பத்து, அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அதன் கீழே அந்தக் காலத்து டாக்டர், படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்று, தமிழிலேயே முத்து முத்தாக எழுதியிருந்தார்: நாட்டு மருந்தை உடனே நிறுத்தவும். இது ஈரலைக் கெடுத்திருக்கிறது. இதை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

நான் மூன்று தடவை படித்தேன். பிறகு தினகரனிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே கொடுத்திருக்கு" என்றார். அப்புறம் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் என் காலை அழுத்திய கை ஞாபகம் வந்து உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? பொடியை மட்டும் சாப்பிட்டு ஈரல் கெட்ட ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அது. அதை அண்ணி அடுப்பில் போட்டிருக்கலாம். தேடினேன், கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஒன்பது நாள் அதை யோசித்திருப்பார். பிறகு தன்னைக் காட்டிக்கொடுக்கிற தாளை மடிப்பு நீவி என்னிடமே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன் அண்ணி."

அவர் அழுவது கேட்டது. நான் சமாதானம் சொல்லவில்லை. அது என்னால் அன்றைக்கு முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஈரல் டாக்டரைப் பாக்கறோம். அந்தத் தாளைக் காட்டப் போறேன். உங்க பேர் அதுல இருக்கு. அவர் கேக்கற கேள்விக்கு நீங்கதான் பதில் சொல்லணும். வருவீங்களா?"

பின்னால் அவருடைய மாமியார் யார் போனில் என்று கேட்கிற குரல் கேட்டது. அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சத்தம் வந்தது.

"வரேன்" என்றார். "எங்க போறேன், எதுக்குப் போறேன்னு எங்க மாமியார்கிட்ட சொல்லிட்டே வரேன்."